கறள் பிடித்த பழைய வின்ச்சைக் கழட்டிப் பூட்டுவது எப்படி

பழைய இரும்புக்கடையிலோ, ஏலத்தில் எடுத்த ஜீப்பின் முன்பம்பரிலோ ஒரு வின்ச், அதாவது புதைந்த வண்டியைக் கயிறு சுற்றி இழுத்து எடுக்கிற பொறி, கிடந்தால் எல்லாரும் முதலில் செய்வது பற்றரி வயரைத் தொட்டுப் பார்ப்பதுதான். மோட்டர் சுற்றினால் நல்ல சாமான் என்று காசைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். பரந்தன் பக்கம் ஒரு வாய்க்கால் கரையில் ஜீப்பைப் பாதித் தூரம் இழுத்து ஏற்றிவிட்டுச் சுவிட்சை விட்டேன், வண்டி நிற்கவில்லை, அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு வழுகத் தொடங்கியது. பின்சில்லுக்குப் பின்னால் மச்சான் ஒரு பெரிய கல்லைப் போட்டு வைத்திருந்தபடியால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மோட்டர் அன்றைக்கும் அருமையாகத்தான் சுற்றியது. பிடிக்காமல் விட்டது பிறேக்.

அதனால் இதை வாசிக்கிறவர்களிடம் முதலே சொல்லிவிடுகிறேன்: வின்ச் கழட்டிப் பூட்டுகிற வேலையில் உங்கள் பொறுமையில் பாதியைப் பிறேக்குக்கு என்று ஒதுக்கி வையுங்கள். இழுக்கிற பக்கம் பிழைத்தால் வண்டி சேற்றிலேயே கிடக்கும், அவ்வளவுதான். பிடிக்கிற பக்கம் பிழைத்தால் ஆள் போகும்.

நான் சொல்வது 12 வோல்ட் மின்சார வின்ச்சைப் பற்றி: நடுவில் கயிறு சுற்றும் உருளை, ஒரு பக்கம் மோட்டர், மற்றப் பக்கம் கியர்ப்பெட்டி, 8000 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 3600 கிலோ இழுவை. இந்த வகையில் பிறேக் உருளைக்கு உள்ளேயே இருக்கும். நிமிர்ந்து நிற்கிற பழைய வார்ன் 8274 யாருக்காவது கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். அது 1974இல் வந்த மொடல், சாதாரண நேர்ப்பல்லுக் கியர், பிறேக்கும் உருளைக்கு வெளியே இருப்பதால் வேலை செய்யச் சுகம். எஞ்சின் பலத்தில் ஓடுகிற புழுக்கியர் வின்ச் வேறு சாதி, அதை இதற்குள் கலக்கவில்லை.

முதலில் கழுவ வேண்டும். இங்கே ஒரு விஷயம். வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, காரைநகர் போலக் கரையோரமாக இருக்கிற பலருக்குக் கிணற்றுத் தண்ணீர் சவர். அந்தத் தண்ணீரால் கழுவி வெயிலில் வைத்தால் கறளைக் கழுவவில்லை, விதைக்கிறீர்கள். ஊத்தையை எந்தத் தண்ணீரால் வேண்டுமானாலும் கழுவுங்கள், ஆனால் கடைசி அலசல் மழைத்தண்ணீராகவோ நல்ல தண்ணீராகவோ இருக்கட்டும். வெளியில் அப்பியிருக்கிற கிறீசுக்கு மண்ணெண்ணெயும் பொச்சுமட்டையும் போதும், கம்பித் தூரிகையை விட அது மூலைமுடுக்குக்குள் வடிவாகப் போகும்.

பிறகு ஒரு நட்டைக்கூடத் தொடாமல் எல்லாப் பக்கத்தாலும் படம் எடுங்கள். மோட்டரில் வந்து சேருகிற வயர் ஒவ்வொன்றுக்கும் துணிப்பட்டி சுற்றிப் பேனையால் எழுதுங்கள்: ஏ (உள்ளே சுற்றுகிற ஆமேச்சருக்குப் போவது), எஃப் 1, எஃப் 2 (சுற்றாத கொயிலின் இரண்டு முனை), பூமி வயர். வீடுகள், அதாவது மோட்டரதும் கியர்ப்பெட்டியினதும் வெளிக்கூடுகள், பொருந்துகிற ஒவ்வொரு இடத்திலும் உளியால் இரண்டு பக்கமும் சேர ஒரு சின்னக் கோடு போடுங்கள், முதல் பொருத்துக்கு ஒரு கோடு, அடுத்ததுக்கு இரண்டு. இது சும்மா வேலை இல்லை. கியர்ப்பெட்டியை ஒரு போல்ட் தள்ளிப் பூட்டினால்கூடப் பூட்டுப்படும், பிறகு கயிற்றைக் கையால் இழுக்க உருளையை விடுவிக்கிற கிளச்சுப் பிடி வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கும்.

போல்ட்கள் கழராது. அலுமினிய வீட்டுக்குள் இரும்பு போல்ட், அதில் உப்புக்காற்று: இரண்டும் சேர்ந்து வெள்ளை மா மாதிரி ஒன்று பூத்துப்போய் இறுகிவிடும். பலத்தைக் காட்டினால் தலை முறியும். இரவு முழுக்க மண்ணெண்ணெயோ கறள் எண்ணெயோ ஊற்றி ஊறவிடுங்கள். காலையில் எண்ணெயை வடிவாகத் துடைத்துவிட்டு, சோற்றுப்பானையில் கொதிக்க வைத்த தண்ணீரை அந்த இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும், அதனால் சூட்டில் பிடி தளரும். சூடு ஆறமுதல் முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை அசைத்து, பிறகு கழட்டுகிற பக்கம் திருப்புங்கள். மூன்று நான்கு தரம் இப்படிச் செய்தால் எனக்கு முரண்டு பிடித்த எட்டில் ஏழு கழன்றது. எட்டாவதை லேத் கடையில் துளைத்து எடுத்துப் புதுப் புரி வெட்டினோம். தீச்சுவாலை பிடிக்கிறவர்கள் மண்ணெண்ணெய் ஊற்றிய இடத்தில் பிடிக்காதீர்கள்.

சரி, மோட்டர். இதில் இரண்டு வகை. வெளியே மூன்று முனை இருந்தால் உள்ளே கொயில் சுற்றிய சீரிஸ் மோட்டர். இரண்டு முனை மட்டும் இருந்தால் காந்தம் ஒட்டிய மோட்டர், அதன் உடம்பில் சுத்தியலால் தட்டவே கூடாது, காந்தம் வெடித்துப்போகும். என்னுடையது மூன்று முனை. மூடியைக் கழட்டினால் உள்ளே கறுப்புத் தூள் கொட்டும், அது சுற்றுகிற பகுதிக்கு மின்சாரம் கொடுக்கிற கரித்துண்டு தேய்ந்த தூள், ஈரத்தோடு சேர்ந்தால் மின்சாரத்தைப் பூமிக்கு ஒழுகவிடும், அதனால் தூரிகையால் தட்டி, காற்று அடித்து முழுதாக எடுங்கள். கரி பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். துளைபோடும் மெசினுக்கோ கிறைண்டருக்கோ வருகிற கரியை அரத்தால் சிறுப்பித்துப் போடாதீர்கள், 12 வோல்ட்டில் நூற்றுக்கணக்கான அம்பியர் போகிற இடத்துக்குச் செம்பு கலந்த கரிதான் வேண்டும். லொறி ஸ்ராட்டர் மோட்டர் கரியில் கிட்டத்தட்ட அளவானது கிடைத்தால் அதை உரசிப் பொருத்தலாம், அதே மாதிரி வேலைக்குச் செய்த கரிதான் அது.

கரி உரசுகிற செம்பு உருளையான கொமியூட்டேட்டரை நைஸ் அரத்தாளால் சுற்றித் துடையுங்கள். எமரித் தாள் வேண்டாம், அதன் துகள் செம்புக் கட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு மின்சாரம் கடத்தும். கட்டைகளுக்கு நடுவே மின்சாரம் கடத்தாத மைக்கா செம்போடு மட்டமாக நின்றால் பழைய வாள் அலகை மெல்லிசாகத் தேய்த்து முக்கால் மில்லிமீற்றர் அளவுக்குச் சுரண்டி இறக்குங்கள். பிறகு மீற்றரை எடுத்துக்கொண்டு, கொமியூட்டேட்டருக்கும் தண்டுக்கும் நடுவில் தொடர்பு இருக்கிறதா பாருங்கள். இருக்கக்கூடாது. எஃப் 1க்கும் எஃப் 2க்கும் நடுவில் இருக்க வேண்டும், அந்த இரண்டில் எதற்கும் மோட்டர் உடம்புக்கும் நடுவில் இருக்கக்கூடாது. இதில் ஒன்று பிழைத்தாலும் தோட்டத்துத் தண்ணீர்ப் பம்புக்கு மோட்டர் சுற்றிக் கொடுக்கிற கடைக்குக் கொண்டுபோங்கள். யாழ்ப்பாணத்தில் அந்தக் கைகளுக்குப் பஞ்சமே இல்லை. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் பற்றரியும் வராமல் பெற்றோலும் வராமல், மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டி, சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்ட ஊர் இது. எறியாமல் திருத்துகிற பழக்கம் அந்தக் காலத்திலேயே ஊறிவிட்டது.

நான் கொண்டுபோனபோது கடைக்கார அண்ணை ஆமேச்சரை உருட்டிப் பார்த்தார், ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று உரஞ்சியிருந்த இடத்தை விரலால் தடவினார். "தம்பி, சுத்தினதில பிழை இல்லை. புஷ் தேஞ்சு போச்சு, அதுதான் இது உள்ளுக்க அடியில உரஞ்சுது. புஷ்ஷை மாத்து, சுத்திற காசு மிச்சம்." அப்படியேதான் இருந்தது. தண்டைத் தாங்குகிற வெண்கல வளையம்தான் புஷ், அதை லேத்தில் கடைந்து எடுத்தோம். துளைத்துளையாக எண்ணெய் குடிக்கிற வகைப் புஷ் கிடைத்தால் பூட்ட முதல் ஓர் இரவு எண்ணெயில் ஊறப் போடுங்கள்.

மோட்டரைப் பரீட்சிக்கும்போது அதை நிலத்தில் காலால் மிதித்துக்கொண்டு நிற்காமல் வைஸில் இறுக்குங்கள், மின்சாரம் பட்ட நொடியில் துள்ளும். ஏ முனையையும் எஃப் 1ஐயும் ஒரு தடித்த வயரால் இணைத்து, பற்றரியின் பிளஸை எஃப் 2க்கும் மைனஸை உடம்புக்கும் கொடுத்தால் ஒரு பக்கம் சுற்றும். ஏ முனையை எஃப் 2க்கு மாற்றி, பிளஸை எஃப் 1க்குக் கொடுத்தால் மற்றப் பக்கம் சுற்ற வேண்டும். இரண்டு மூன்று செக்கன் போதும். சீரிஸ் மோட்டர் பாரம் இல்லாமல் ஓடினால் வேகம் ஏறிக்கொண்டே போய்த் தன்னைத்தானே பிய்த்துக்கொள்ளும்.

கியர்ப்பெட்டி பயப்படுத்துகிற மாதிரி இருக்கும், ஆனால் மூன்று அடுக்குக் கிரகக் கியர்தான், நடுப் பல்லுச் சில்லைச் சுற்றிச் சின்னச் சில்லுகள் ஓடுகிற வகை. ஒவ்வொரு அடுக்கையும் வெளியே எடுத்த வரிசையிலேயே ஒரு சுளகில் வைத்துக்கொண்டு போங்கள். என்னுடையதில் பழைய கிறீஸ் பனங்கட்டி மாதிரி இறுகி, பல்லுகளே தெரியவில்லை. மண்ணெண்ணெயில் ஓர் இரவு போட்டு எடுத்தால் கழன்றுவிடும். பல்லு முறிந்திருக்கிறதா, கிரகக் கியர்களின் ஊசிகள் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நல்ல லித்தியம் கிறீஸ் பல்லுகளில் தாராளமாகப் பூசுங்கள், ஆனால் பெட்டியை நிரப்பாதீர்கள். நிரப்பினால் சூடேறும்போது அது வழி தேடி உருளைக்குள் போகும், உருளைக்குள் இருப்பது பிறேக்.

பிறேக்குக்கு வருவோம். மோட்டர் இழுக்கிற பக்கம் சுற்றும்போது அது வழி விடும். மோட்டர் நின்று, பாரம் கயிற்றைத் திருப்பி இழுக்க முயன்றால், சாய்வாக வெட்டிய இரண்டு முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, உராய்வுத் துண்டுகளை உருளையின் உட்சுவரோடு நெருக்கும். பாரம் கூடக்கூட நெருக்கம் கூடும். பாரத்தின் பலத்தாலேயே பாரத்தை நிறுத்துகிற வேலை இது. இதற்கு இரண்டு எதிரிகள்: கிறீஸ், மற்றது பிழையான திசை. என் வின்ச்சில் இரண்டுமே இருந்தன.

மோட்டரைக் கழட்டியதும் பிறேக் அதனோடு சேர்ந்து வரும், அல்லது உருளைக்குள் தங்கும். எப்படி வந்தாலும், அது எந்தப் பக்கம் மோட்டரைப் பார்த்தது, சுருள்வில்லின் வால் எந்தத் துளைக்குள் இருந்தது என்று படம் எடுத்து, ஒரு கடதாசியில் கீறியும் வையுங்கள். தேவையில்லாமல் பிரிக்காதீர்கள். உராய்வுத் துண்டு மெலிந்து கண்ணாடி மாதிரி மினுங்கினால் மாற்ற வேண்டும், மினுக்கம் மட்டும் என்றால் அரத்தாளால் இலேசாகச் சொரசொரப்பாக்கலாம். எண்ணெய் ஊறியதை மண்ணெண்ணெயால் கழுவிப் பிரயோசனம் இல்லை, அதுவும் எண்ணெய்தான். பிறேக் கழுவுகிற ஸ்பிறே அல்லது தின்னரால் கழுவிக் காயவிட்டு, ஒரு வெள்ளைத் துணியில் அமத்திப் பாருங்கள். துணியில் கறை விழுந்தால் இன்னும் உள்ளே இருக்கிறது, திரும்பவும் கழுவுங்கள். எனக்கு ஐந்து தரம் ஆனது. அதிலும் போகாமல் ஊறியிருந்தால் துண்டையே மாற்றுங்கள். உருளையின் உட்சுவரையும் அப்படியே துடையுங்கள். உருளையின் இரண்டு முனையிலும் இருக்கிற எண்ணெய்ச் சீல்களைப் புதிதாகப் போடுங்கள், பழையது நல்லாக இருக்கிற மாதிரித் தெரிந்தாலும் போடுங்கள். கியர்க் கிறீசுக்கும் பிறேக்குக்கும் நடுவில் நிற்பது அந்த றப்பர் வளையம் ஒன்றுதான்.

கறளை எடுக்க, உருளைக்கும் இணைப்புக் கம்பிகளுக்கும் நான் சலவைச் சோடா முறையைப் பாவித்தேன். பிளாஸ்ரிக் வாளியில் ஐந்து லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சோடா, பற்றரி சார்ஜரின் மைனஸ் சாமானுக்கு, பிளஸ் ஒரு பழைய இரும்புத் துண்டுக்கு. ஒரு நாளில் கறள் கறுப்புச் சேறாகி உரிந்துவிடும். முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள், அதிலிருந்து வருவது எரிகிற வாயு. துருப்பிடிக்காத உருக்கைப் பிளஸில் மாட்டாதீர்கள், தண்ணீர் நஞ்சாகும். அலுமினிய வீட்டை அதற்குள் போட்டால் கரைந்துபோகும், சுருள்வில்லுகளையும் கொளுக்கியையும் போட்டால் உருக்கு நொறுங்கும் தன்மைக்கு வரும், அவற்றைக் கையால் தேயுங்கள். பெயின்ற் உங்கள் விருப்பம், பிறைமர் மட்டும் தவறாமல் அடியுங்கள்.

பூட்டும்போது போல்ட் புரிகளில் கிறீஸோ செம்புப் பசையோ தடவினால் அடுத்த முறை சோற்றுப்பானை தேவைப்படாது. தண்ணீர் புகாமல் தடுக்கிற றப்பர் வளையமான ஓ றிங் எல்லாம் புதிது. கிளச்சுப் பிடியின் தண்டில் இருக்கிற சின்ன ஓ றிங்கை மறக்காதீர்கள், தண்ணீர் முதலில் புகுகிற வாசல் அது.

அடுத்தது வயர். நான்கு சொலினொயிட், அதாவது மோட்டருக்குப் போகிற மின்சாரத்தைத் திறந்து மூடுகிற காந்தச் சுவிட்ச், இருக்கும், டிக் என்று சத்தம் வந்தாலே நல்லது என்று நம்பிவிடாதீர்கள். உள்ளே தொடுமுகம் கருகியிருந்தால் மின்சாரம் பாதிதான் போகும், ஒட்டிப்பிடித்தால் நீங்கள் சுவிட்சை விட்ட பிறகும் வின்ச் இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் பற்றரிக்குப் பக்கத்தில் ஒரு மெயின் சுவிட்ச் கட்டாயம் போடுங்கள், கை எட்டுகிற இடத்தில். முழுப் பாரத்தில் 400 அம்பியருக்கு மேல் போகும், 35 சதுர மில்லிமீற்றர் செம்பு வயருக்குக் குறைய வேண்டாம், வெல்டிங் வயர் நல்லாக வேலை செய்யும். வண்டியின் வோல்ட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய யப்பான் டீசல் ஜீப்புகள் சில 24 வோல்ட், 12 வோல்ட் மோட்டரை அதில் கொடுத்தால் புகைதான் வரும். செசியோடு சேர்த்து வெல்ட் பண்ணிய தடித்த தட்டில், 8.8 என்று தலையில் குத்திய 10 மில்லிமீற்றர் போல்ட் குறைந்தது நான்கு. வெறும் பம்பர்த் தகட்டில் பூட்டினால் பம்பர் மட்டும்தான் போகும், வண்டி வராது.

இப்போது கயிறு. பழைய கம்பிக் கயிற்றில் முள்ளு எழும்பியிருந்தாலோ, ஓரிடத்தில் மடிந்து நெளிந்திருந்தாலோ அதை வேலிக்குக்கூட வையுங்கள், வின்ச்சுக்கு வேண்டாம். 8 மில்லிமீற்றர் புதுக் கம்பிக் கயிறு வாங்குங்கள். வள்ளம் கட்டுகிற நைலோன் கயிற்றைச் சுற்றிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், அது இழுபடும், இழுபட்டு அறுந்தால் கெற்றப்போல் மாதிரித் திரும்பி வரும். வின்ச்சுக்கென்று வருகிற இழைக்கயிறு பாரம் குறைவு, அறுந்தாலும் கம்பி அளவுக்கு வீசாது, ஆனால் உருளைக்குள் பிறேக் இருக்கிற வின்ச்சில் பாரத்தோடு கனநேரம் கயிறு விட்டால் உருளை கொதித்து அதை உருக்கும். கயிற்றுக்கு வழிகாட்ட வின்ச்சுக்கு முன்னால் இருக்கிற, கம்பி உரஞ்சிய பழைய உருளிகளின் ஊடாகவும் அதை விடாதீர்கள், அந்தக் கீறல்கள் இழையை அறுக்கும்.

கயிறு உருளையின் அடிப்பக்கத்தால், அதாவது பூட்டுகிற தட்டின் பக்கத்தால், வெளியே போக வேண்டும். என் வின்ச்சில் முன்பு வைத்திருந்தவர் மேற்பக்கத்தால் சுற்றியிருந்தார், இழுத்தது, அதனால் எனக்கும் சந்தேகம் வரவில்லை. அப்படிச் சுற்றினால் உள்ளே இழுக்க மோட்டர் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும், பிறேக் மற்றத் திசையில்தான் பிடிக்கும். சுவிட்சில் "உள்ளே" என்பதை அமத்தும்போது கயிறு அடியால் உள்ளே வருகிறதா என்று ஒருக்கா அல்ல, இரண்டு தரம் பாருங்கள். உருளையில் எப்போதும் குறைந்தது ஐந்து சுற்று மிஞ்சியிருக்க வேண்டும், முனையில் இருக்கிற சின்ன போல்ட் பாரம் தாங்குவதற்கு இல்லை.

பரீட்சைக்கு ஏற்றம் தேடி அலைய வேண்டாம், எங்கள் நிலம் தட்டை. நல்ல முற்றிய பனையாகப் பார்த்து, அகலமான பட்டியால் அடிமரத்தைச் சுற்றி, அதில் கொளுக்கியை மாட்டுங்கள், கயிற்றையே மரத்தில் சுற்றி அதிலேயே கொளுவாதீர்கள். வண்டியைச் சில்லுக்குக் கட்டை வைத்து நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கயிறு விறைத்து வண்டியின் மூக்கு கொஞ்சம் அமரும் வரை இழுத்து நிறுத்துங்கள். கயிற்றின் நடுவில் ஈரச்சாக்கு ஒன்றைப் போடுங்கள், அறுந்தால் அது கயிற்றை நிலத்துக்கு அமத்தும். பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, கயிறு போகிற கோட்டில் நிற்காமல் பக்கவாட்டில் தள்ளி நின்று, உருளையின் விளிம்புக்கும் வின்ச் உடம்புக்கும் நேராகச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். பத்து நிமிடம் காத்திருங்கள். பிறேக் பிடிக்கும்போது ஒரு சின்ன அசைவு வரலாம், அதற்குப் பிறகும் கோடு விலகிக்கொண்டே போனால் திரும்பவும் கழட்டுங்கள். நான் இரண்டாம் முறை பூட்டியபோது கோடு ஒரு நூல்கூட அசையவில்லை, அந்தப் பத்து நிமிடமும் நான் மூச்சுவிட்டேனா தெரியாது.

கோடு அசையாமல் நின்றால், அந்த ஐந்து சுற்றை மட்டும் மிஞ்சவைத்து மற்றக் கயிற்றை வெளியே விட்டு, ஹான்ட்பிறேக்கைக் கொஞ்சம் பிடித்தபடி வண்டியையே இழுக்க வைத்துத் திரும்பச் சுற்றுங்கள், தோல் கையுறை போட்டுக்கொண்டு. பாரத்தோடு சுற்றிய கயிறுதான் பிறகு ஒன்றுக்குள் ஒன்று புதையாது. ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து இழுக்காமல் மோட்டரை ஆறவிடுங்கள். எழுதியிருக்கிற 8000 இறாத்தல் உருளையில் முதல் அடுக்குக்கு மட்டும்தான், மேலே ஒவ்வொரு அடுக்குக்கும் பத்து வீதத்துக்கு மேல் குறையும், ஆனபடியால் மாரியில் வயல் சேற்றுக்குள் இறங்கினால் கயிற்றைக் கூடிய நீளத்துக்கு வெளியே எடுங்கள், அல்லது ஒரு கப்பி போட்டு இரட்டையாக்குங்கள்.

இன்னொன்று. வின்ச் நல்லாக வேலை செய்கிறது என்று தெரிந்தால் ஊரில் யாராவது வந்து, கிணறு துப்பரவாக்க ஆளை இறக்கித் தா என்று கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். இது நிலத்தில் வண்டி இழுக்கச் செய்த சாமான், ஆளைத் தூக்கி இறக்க இல்லை, எவ்வளவு நல்லாகப் பூட்டியிருந்தாலும் இல்லை. கோபித்துக்கொண்டு போனாலும் பரவாயில்லை.

மாதம் ஒரு தரம் பாரம் இல்லாமல் கொஞ்சம் வெளியே விட்டு உள்ளே எடுங்கள், உப்புக்காற்றில் சும்மா கிடந்தால் சொலினொயிட் முகம்தான் முதலில் பச்சை பிடிக்கும். மணற்காட்டுப் பக்கம் போய் வந்த அன்று இரவே நல்ல தண்ணீரால் கழுவி, முனைகளில் கிறீஸ் தடவி, ஒரு சாக்கால் மூடி வையுங்கள். பொலித்தீன் வேண்டாம், அதற்குள் வேர்க்கும்.